சுங்குடி: ஒரு சேலையின் வேலைகள்

நம் வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும் துணியை நீங்கள் அனைவரும் ஒருமுறையேனும் கையில் எடுத்திருப்பீர்கள். மங்கிய அரக்கு நிறம். அதன்மேல் வரிசையாகச் சிறுசிறு வெண்புள்ளிகள். சுண்ணக்கட்டியின் தூள் படிந்து, அப்புள்ளிகளில் பாதி இப்போது தெரிவதில்லை. அந்தத் துணி ஒரு காலத்தில் என் அம்மாச்சி உடுத்திய சேலை. தாயின் தாயை மதுரைப் பக்கத்தில் அம்மாச்சி என்று அழைப்பது வழக்கம். பணிமாறுதல் பெற்று நான் புனேக்குப் புறப்பட்டபோது, பாத்திரங்கள் நசுங்காமல் இருக்க வேண்டும் என்று என் தாயார் அவற்றை அந்தப் பழஞ்சேலையில் சுற்றி மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். பாத்திரங்களை எடுத்து அடுக்கிய பின்னும் சேலையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு நாள், மரக்கிளையில் கட்டிய துணித்தொட்டில் ஒன்றின் படத்தைக் காட்டி, "இதன் பெயர் என்ன?" என்று கேட்டேன். "ஜோளி!" என்று நான்கைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. "அது மராத்திச் சொல். தமிழில் என்ன?" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "அம்மா, எங்கள் வீட்டிலும் ஜோளி என்றுதான் சொல்வார்கள்" என்றாள். அவள் கூறியதில் பிழை ஏதும் இல்லை. கட்கியில் பிறந்து வளர்ந்த அவளுடைய தாயாரும் அச்சொல்லைக் கேட்டே வளர்ந்திருப்பார். ஆயினும் அன்று மாலை முழுவதும் ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. துணித்தொட்டிலின் பெயரே தெரியவில்லை என்றால், துணியைக் கொண்டு நம்மவர் செய்த பிற வேலைகளின் பெயர்களுள் எத்தனை உங்களுக்குத் தெரிந்திருக்கும்? மறுநாள் அந்தப் பழஞ்சேலையை வகுப்பிற்கு எடுத்து வந்தேன். அன்று அதை வைத்துப் பேசியவற்றையே இங்குப் பாடமாக எழுதியிருக்கிறேன்.

முதலில் சேலையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். சுங்குடி என்பது மதுரையில் உருவாகும் பருத்திச் சேலை. புள்ளிகளே அதன் அடையாளம். இப்புள்ளிகள் தறியில் நெய்யப்படுவதில்லை. தூரிகையால் தீட்டப்படுவதும் இல்லை. வெள்ளைத் துணியில் புள்ளி வரவேண்டிய இடத்தை விரல்நுனியால் கிள்ளி எடுத்து, அதன் கழுத்தில் நூலைப் பலமுறை இறுகச் சுற்றி முடிச்சிடுவர். துணி முழுவதும் இவ்வாறு முடிந்தபின் அதைச் சாயத்தில் தோய்ப்பர். நூல் இறுக்கிப் பிடித்த இடங்களில் சாயம் ஏறாது. துணி உலர்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடங்கள் வெண்புள்ளிகளாக வெளிப்படும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் தேவைப்படும். வீட்டு வேலைகளுக்கு இடையே பெண்கள் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து நாள்கணக்கில் முடிவார்கள். வாசலில் கோலத்திற்குப் புள்ளி வைக்கும் அதே கணக்குத்தான் துணியிலும் என்று அவர்கள் சொல்வதுண்டு.

புனேயின் லட்சுமி சாலையில் உள்ள துணிக்கடைகளில் பாந்தனிச் சேலைகளைக் கண்டிருப்பீர்கள். குஜராத்தையும் இராசத்தானையும் சேர்ந்த அவையும் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றப்படுபவையே. சுங்குடியைப் பாந்தனியின் தமிழ்நாட்டு உறவு என்று கூறலாம். இஃது உவமைக்காகச் சொன்னது அன்று. உண்மையிலேயே உறவு இருக்கிறது. சுங்குடியைச் செய்பவர்கள் சௌராட்டிரர் எனப்படும் மக்கள். தங்கள் முன்னோர் குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேவகிரியிலும் பின்னர் விசயநகரத்திலும் வாழ்ந்து, நாயக்க மன்னர் காலத்தில் மதுரையை அடைந்தனர் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி. அந்தத் தேவகிரி எங்கே உள்ளது தெரியுமா? அதுவே இன்றைய தௌலதாபாத். புனேயிலிருந்து ஒரே பகலில் சென்றுவிடலாம். உங்களுள் சிலர் எல்லோரா குகைகளைக் காணச் சென்றபோது அந்தக் கோட்டையைப் பார்த்தும் இருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து உங்கள் பெற்றோர் மராட்டிய மண்ணிற்கு வந்தனர். இந்த மண்ணின் வழியாக நடந்து சென்றவர்களோ தமிழ்நாட்டில் நிலைத்தனர். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர்களின் தாய்மொழியை இன்றும் கேட்கலாம். மராத்தி அறிந்த உங்கள் காதுக்கு அதில் சில சொற்கள் பழகியவைபோல ஒலிக்கும். தமிழ்த் திரைப்படங்களில் பல ஆயிரம் பாடல்களைப் பாடிய டி. எம். சௌந்தரராசன் அந்தச் சமூகத்தில் பிறந்தவரே. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வாழ்பவர்கள் நீங்கள் மட்டும் அல்லர்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரோடு பிணைந்த பொருளின் பெயரைப் பிற இடத்தார் தம் பொருளுக்கு இட்டு விற்காதவாறு காக்கும் சட்ட ஏற்பாடு அது. உங்கள் பக்கத்துப் பைட்டணிச் சேலைக்கும் அது உண்டு.

புள்ளிபோட்ட துணி என்றதும் எனக்கு நினைவுக்கு வரும் வேறொரு துணியும் உண்டு. புனேயின் கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த மாணவர் பலர் படிக்கின்றனர். கென்யாவிலும் தான்சானியாவிலும் பெண்கள் அன்றாடம் பயன்படுத்தும் துணிக்குக் காங்கா என்று பெயர். சுவாகிலி மொழியில் காங்கா என்றால் கினிக்கோழி. கினிக்கோழியின் கருநிற இறகுகளில் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். தொடக்கக் காலத்துக் காங்காக்கள் அவ்வாறே புள்ளி நிறைந்தவையாக இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சான்சிபார் தீவிலும் மொம்பாசா துறைமுகத்திலும் வாழ்ந்த பெண்கள் அச்சிட்ட கைக்குட்டைத் துணிகளை வெட்டாமல் நீளமாக வாங்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து மேலாடை ஆக்கிக்கொண்டனர். அதிலிருந்தே காங்கா வளர்ந்தது. அதை விற்ற வணிகருள் இந்திய வழியினரும் இருந்தனர்.

காங்கா ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்டது. நான்கு பக்கமும் கரை, நடுவில் ஓர் உருவம், அதன்கீழ் ஒரு வாக்கியம். ஆம், துணியில் எழுத்து! பழமொழியோ, வாழ்த்தோ, சில வேளைகளில் அண்டை வீட்டாருக்குக் குத்தலாக ஒரு சொல்லோ அதில் அச்சிடப்பட்டிருக்கும். வாயால் சொல்ல முடியாததைத் துணியை உடுத்திச் சொல்லிவிடலாம். கடையில் அதை இரட்டையாகவே விற்பார்கள். ஒன்றை இடுப்பிலும் மற்றொன்றைத் தோளிலோ தலையிலோ அணிவர். குழந்தை பிறந்தால் அதில் பொதிவர். சற்று வளர்ந்தபின் அதே துணியால் முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குச் செல்வர். தலைச்சுமைக்கு அடியில் சுருட்டி வைப்பர். சமைக்கும்போது ஆடைமேல் கட்டிக்கொள்வர்.

இதைப் படித்தபோது, கடல் கடந்த நாட்டில் என் அம்மாச்சியைக் கண்டதுபோல் இருந்தது. தைக்காத ஒரு நீண்ட துணி கையில் இருந்தால் உலகின் எந்த மூலையிலும் பெண்கள் ஏறத்தாழ அதே வேலைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால், ஒவ்வொரு வேலைக்கும் அவரவர் மொழியில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. இனி நம் பெயர்களைப் பார்ப்போம்.

துணித்தொட்டிலின் பெயர் தூளி. ஈழத்தமிழர் அதை ஏணை என்பர்; தமிழ்நாட்டிலும் சில இடங்களில் அச்சொல் வழங்குகிறது. மரத்தால் செய்த தொட்டில் வேறு, தூளி வேறு. சேலையை இரண்டாக மடித்து, இரு முனைகளையும் சேர்த்து, வீட்டு உத்திரத்தில் தொங்கும் கயிற்றிலோ இரும்புக் கொக்கியிலோ முடிச்சிடுவர். குழந்தையின் முகத்தைத் துணி மூடாமல் இருக்க, உள்ளே குறுக்காக ஒரு கட்டை வைத்து விரித்துவிடுவர். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தூளி தொங்கும். என் அம்மாச்சி தூளி கட்டியதும் குழந்தையை உடனே கிடத்திவிட மாட்டார். முதலில் அம்மிக்குழவியை அதில் வைத்து நான்குமுறை ஆட்டிப் பார்ப்பார். முடிச்சு இறங்கவில்லை என்று உறுதியானபின்தான் குழந்தை உள்ளே செல்லும். அக்காலத்தில் நாங்கள் அதைக் கண்டு சிரித்தோம். இப்போது அது எத்தகைய அறிவு என்று தோன்றுகிறது.

தூளி ஏன் கிழிவதில்லை? சேலையின் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்றும், குறுக்குவாக்கில் ஓடும் நூலுக்கு ஊடை என்றும் பெயர். தூளியில் குழந்தையின் எடையைத் தாங்குவது பாவு நூல். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கும் அறுபடாமல் ஓடுகின்ற நூற்றுக்கணக்கான இழைகள் அந்த எடையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சேலையில் தையல் இல்லை. ஆதலால் பிரிவதற்கு இடமும் இல்லை. பருத்தித் துணியில் காற்று புகும். குழந்தை நனைத்துவிட்டாலும் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவிழ்த்து அலசி, வெயிலில் ஒரு மணிநேரம் போட்டால் மீண்டும் தூளி ஆயத்தம். தாய் உடுத்திய சேலையாக இருந்தால் அந்த மணத்திலேயே குழந்தை உறங்கிவிடும் என்று பாட்டிமார் கூறுவர்.

தூளி வீட்டுக்கு மட்டும் உரியது அன்று. நாற்று நடவும் களை பறிக்கவும் செல்லும் பெண்கள் வயலோரத்து மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு வேலையில் இறங்குவர். புனேயில் புதிதாக எழும் அடுக்குமாடிக் கட்டடங்களின் அருகே செல்லும்போது சற்றுக் கவனியுங்கள். இரண்டு மூங்கில்களுக்கு இடையே ஒரு சேலை தொங்கும். அதற்குள் ஒரு குழந்தை உறங்கும். அதன் தாய் தலையில் செங்கல் சுமந்து ஏறிக்கொண்டிருப்பாள். அவள் எந்த ஊரினளோ, எந்த மொழியினளோ! அவளிடமும் அந்தத் தூளிக்கு ஒரு பெயர் இருக்கும்.

அவள் தலையில் செங்கல்லுக்கு அடியில் வளையமாகச் சுருட்டிய துணி ஒன்று இருக்கும். அதற்குத் தமிழில் சும்மாடு என்று பெயர். மராத்தியில் அதை நீங்கள் சும்பள் என்கிறீர்கள். ஓசையிலேயே இரண்டும் எவ்வளவு நெருங்கி வருகின்றன, பாருங்கள்! தண்ணீர்க்குடம், விறகுக்கட்டு, புல்லுக்கட்டு, காய்கறிக்கூடை என எதைச் சுமந்தாலும் அடியில் சும்மாடு வேண்டும். உங்கள் அறிவியல் பாடத்தில் அழுத்தம் என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். குடத்தின் அடிப்பக்கம் வளைவானது; தலையின் உச்சியும் வளைவானது. இரண்டு வளைவுகள் சந்தித்தால் ஒரு சிறு புள்ளியில்தான் தொடும். குடத்தின் எடை முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்கினால் வலி தாங்க முடியாது, குடமும் நிற்காது. வளையமான சும்மாடு அந்த எடையைத் தலையைச் சுற்றிப் பரப்பிவிடுகிறது. எடை குறைவதில்லை, அழுத்தம் குறைகிறது. தனியாகச் சும்மாட்டுத் துணி கொண்டுவராத பெண், சேலையின் முந்தானையையே சுருட்டித் தலையில் வைத்துக்கொள்வாள். குடத்தைத் தரையில் வைக்கும்போது உருளாமல் இருக்க அடியில் இடும் வைக்கோற்புரி வளையத்திற்குப் பிரிமணை என்று பெயர். தலையில் இருந்தால் சும்மாடு, தரையில் இருந்தால் பிரிமணை. தேர்வில் பலர் இவ்விரண்டையும் மாற்றி எழுதுகின்றனர்!

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் ஆளந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் பண்டரிபுரம் செல்லும் பல்லக்கு ஊர்வலங்கள் புனே வழியாகச் செல்கின்றன. அப்போது துளசிமாடத்தைத் தலையில் ஏந்தி நடக்கும் பெண்களை அருகிருந்து பாருங்கள். மாடத்தின் கீழ் இருப்பது நம் சும்மாடுதான்.

முந்தானை என்று சொன்னேன். சேலையின் தோள்மேல் விழும் தலைப்புப் பகுதி அது, மராத்தியில் பதர். சேலையின் பகுதிகளிலே மிகுதியாக உழைப்பது இதுவே. வெயிலில் தலைமேல் இழுத்துவிட்டால் அது முக்காடு. அழும் குழந்தையின் கண்ணீரையும் மூக்கையும் துடைப்பது அது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கவும் சிலர் முந்தானையைப் பிடிப்பர். இது தீங்கானது, தீப்பற்றும் என்பதால் நீங்கள் ஒருபோதும் செய்யக் கூடாது. முந்தானையின் நுனியில் காசை வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வது பழைய வழக்கம். பணப்பை இல்லாத அம்மாச்சிக்கு அதுவே வங்கி. பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "அம்மாச்சி, அம்மாச்சி" என்று கெஞ்சினால், மெல்ல அந்த முடிச்சு அவிழும். உள்ளே நாலணாவோ எட்டணாவோ வியர்வையில் நனைந்து கிடக்கும். சுங்குடியின் புள்ளியும் முடிச்சு. காசைக் காப்பதும் முடிச்சு. இரண்டிற்கும் நாங்கள் முடிதல் என்ற ஒரே வினைச்சொல்லையே வழங்குகிறோம்.

சேலையின் முன்பகுதியில் வரும் மடிப்புகளுக்குக் கொசுவம் என்று பெயர், மராத்தியில் நிர்யா. தோட்டத்தில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பறிக்கும் பெண், சேலையின் ஒரு பகுதியை இடுப்பில் தூக்கிச் செருகிப் பைபோல ஆக்கிக்கொள்வாள். அது மடி. குழந்தை தலைவைத்து உறங்கும் மடிக்கும் இச்சொல்தான். மராட்டிய வீடுகளில் சுமங்கலிப் பெண்ணின் சேலையில் அரிசியும் தேங்காயும் இட்டு ஓட்டி நிரப்புவதைக் கண்டிருப்பீர்கள். அங்கு ஓட்டி என்று சொல்லப்படும் இடம், இங்கு மடி.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண முதல்நாள் இரவே வைகை மணலுக்குச் சென்றுவிடுவோம். புளியோதரையைக் கட்டி எடுத்துச் செல்வோம். அதற்குக் கட்டுச்சோறு என்று பெயர். அதைப் பொதிந்து வந்த சேலையே, உண்டபின் மணலில் விரிப்பாயிற்று. பனி இறங்கியதும் விரிப்பின் ஒரு பாதி மடங்கிப் போர்வையாயிற்று. விடியலில் அழகர் வந்தபோது அம்மாச்சி அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்; வெயில் ஏறியதும் எங்கள் தலைகளுக்கு மேல் பிடித்துப் பந்தலாக்கினார். ஒரே இரவில் ஒரே துணி இத்தனை பெயர் பெற்றது.

சேலை பழையதானால் அதன் மதிப்பு குறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். சில வேலைகளுக்குப் பழஞ்சேலைதான் வேண்டும். பலமுறை துவைத்த பருத்தி பூப்போல மென்மையாகிவிடும். அதனால்தான் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் வைக்காமல், பாட்டியின் பழஞ்சேலைத் துண்டில் ஏந்துவர். மொட்டைமாடியில் கூழ்வற்றல் பிழிவதற்கும் பழைய பருத்தித் துணியே ஏற்றது. வற்றல் காய்ந்ததும் துணியின் பின்புறம் நீர் தெளித்தால் எளிதில் கழன்று வரும். சுளுக்கு ஏற்பட்டால், வறுத்த உப்பைச் சிறு துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பர். மேலும் கிழிந்தால் அது கந்தை. அடுப்பங்கரையில் சூடான பாத்திரத்தைப் பிடிக்க எடுத்துக்கொண்டால் கரித்துணி. அதற்கும் உதவாத நூலிழைகளைத் திரித்தால் விளக்குத்திரி. அதன்பின் சாம்பல்தான். மராட்டிய மூதாட்டியர் இந்த இடத்தில் நம்மைவிட ஒருபடி மேலே சென்றுவிட்டனர் என்றே கூறுவேன். பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் இட்டு, கோதடி செய்கிறார்கள். புனேயின் மார்கழிக் குளிரில் அதன் அருமை எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆஜி எனக்குத் தைத்துத் தந்த கோதடியின் மேலடுக்கில் இருப்பது அம்மாச்சியின் சுங்குடிச் சேலையின் ஒரு பாதி. தைக்கும்போது அவர் புள்ளிகளைத் தடவிப் பார்த்து, "பாந்தனியா?" என்று கேட்டார். "மதுரைப் பாந்தனி" என்றேன். மறுபாதியின் ஒரு பகுதியைத் தங்கையின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது கொடுத்தேன். எஞ்சியதுதான் கரும்பலகையில் உழைக்கிறது.

இவ்வேலைகளில் பல ஏன் மறைந்தன? குழாயும் பையும் தள்ளுவண்டியும் வந்தன என்பது ஒரு காரணம். வீட்டிற்குள் தண்ணீர் வந்தபின் குடத்தைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. அதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. சுமந்தவர்களின் கழுத்தைக் கேட்டால் தெரியும். மற்றொரு காரணம் துணியே. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நைலான், பாலியெஸ்டர் சேலைகள் பரவின. அவை கசங்குவதில்லை, விரைவில் உலர்கின்றன, நெடுநாள் உழைக்கின்றன. வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால், அவை ஈரத்தை உறிஞ்சா. வழுக்குவதால் முடிச்சு நிற்காது. ஆகவே தூளிக்கு நம்ப முடியாது. சூடு பட்டால் உருகும், ஆகவே கரித்துணியாகவும் ஆகா, திரியாகவும் எரியா. ஒரு சேலை பருத்தியாக இருந்தவரை அதற்கு முதுமை என்று ஒரு பருவம் இருந்தது. செயற்கை இழைச் சேலைக்கு அது இல்லை. உடுத்துவது நின்றால் நேரே குப்பைதான்.

சுங்குடிக்கும் மாற்றம் வந்துவிட்டது. கையால் முடிவதற்குப் பல நாள் ஆகிறது. அந்த உழைப்புக்கு ஈடான கூலி கிடைப்பது அரிது. ஆதலால் முடிச்சிடும் பெண்கள் குறைந்தனர். இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் விற்பவற்றுள் பெரும்பாலானவற்றில் புள்ளிகள் மெழுகாலோ அச்சாலோ இடப்பட்டவை. கண்டறிவது எப்படி? அச்சுப்புள்ளிகள் ஒன்றுபோலவே இருக்கும். கைமுடிச்சுப் புள்ளிகளில் ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சற்றுக் கோணலாகவும் இருக்கும். விரலால் தடவினால் நூல் இறுக்கிய இடத்தில் சிறு சுருக்கம் தட்டுப்படும். அச்சிட்ட சேலையை நான் இழிவாகக் கூறவில்லை. அதுவும் பருத்திதான், விலை குறைவு, தூளிக்கும் சும்மாட்டுக்கும் அது போதும். என் தாயார் இப்போது வாங்குவதும் அதைத்தான். ஆனால், கைமுடிச்சுச் சேலையின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள், அதில் எத்தனை முறை ஒரு பெண்ணின் விரல்கள் குவிந்து விரிந்தன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மதுரையில் மட்டும் இன்றி, திண்டுக்கல் அருகே உள்ள சின்னாளப்பட்டியின் பெயரும் சுங்குடியோடு சேர்த்துச் சொல்லப்படும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் கடையில் இரண்டு வகைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்து, விரலால் தடவிப் பாருங்கள்.

இனி உங்களுக்கான செயற்பாடு. இந்த வாரம் வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ அத்தையிடமோ, ஊரில் இருப்பவர்களாயின் தொலைபேசியிலோ, பழைய சேலை, வேட்டி, கைலி, துண்டு ஆகியவற்றை என்னென்ன வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் ஊரில் வழங்கிய சொல்லை அவர்கள் ஒலித்தவாறே பயிற்சி ஏட்டின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். திருநெல்வேலிச் சொல்லும் சேலத்துச் சொல்லும் வேறுபட்டிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று இப்போது வழக்காட வேண்டாம். வலப்பக்கத்தில் அதற்கு இணையான மராத்திச் சொல்லை எழுதுங்கள். அதற்கு உங்கள் நண்பர்களின் ஆஜிமாரைக் கேட்கலாம். மராத்திச் சொல் மட்டும் கிடைத்துத் தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை என்றால், இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு வாருங்கள். வகுப்பில் எவரேனும் ஒருவரின் பாட்டிக்கு அது தெரிந்திருக்கும்.